எடுக்காமல் விட்ட பரஸ்தானம்

கப்பல் கம்பெனிக்காரனுக்கு ராகுகாலம் கிடையாது, சூலம் கிடையாது. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பினாங்குக் கப்பல் என்று போட்டுவிட்டானானால் போட்டதுதான். அன்றைக்கு அஷ்டமியா நவமியா என்பதெல்லாம் நம்முடைய கவலை. அந்தக் கவலைக்காகவே பெரியவர்கள் பரஸ்தானம் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணம் போகிறவரின் துணி ஒன்றையும் கொஞ்சம் மஞ்சள் அரிசியையும் மூட்டையாகக் கட்டி, போகும் திசையில் உள்ள பிறத்தியார் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். வைத்த நிமிஷமே ஆள் புறப்பட்டாயிற்று. உடம்பு சாவகாசமாகப் பின்னால் வரலாம். போகிற வழியில் மூட்டையை எடுத்துக்கொண்டால் போதும். கிரகங்களை ஏமாற்ற இதைவிட மரியாதையான வழி கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை. பயணம் நின்றுபோனால், மூட்டையை வைத்தவரே போய், பயணமில்லை என்று வாய்விட்டுச் சொல்லி, அதைத் திரும்ப எடுத்து வர வேண்டும். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் உடனே வெற்றிலைச் செல்லத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வாரம் சீதையைக் கொட்டாஞ்சேனை வீட்டில் டிரங்குப் பெட்டியின் மேல் உட்காரவைத்துவிட்டு வந்தோம். பெட்டி மூட மறுத்தது. இன்றைக்கு மூடிவிட்டது. வாரம் தவறாமல் வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

தண்டாயுதபாணி செட்டியாருக்குச் செட்டியார் தெருவில் துணிக்கடை. தங்கைகள் இரண்டு பேர். மூத்தவள் விசாலம், பினாங்கில் இருக்கும் வெங்கடேஸ்வரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். பெர்மிட்டுக்காக நாலு வருஷம் காத்திருந்தாள். பெர்மிட் வந்தது. கப்பலேற நாலு நாள் இருக்கும்போது டைபாய்டில் போய்விட்டாள். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. பிறகு அதே மாப்பிள்ளைக்கு இளையவள் சீதையைக் கட்டிவைத்தார்கள். நாற்பது நாள் இருந்துவிட்டு அவர் பினாங்குக்குத் திரும்பிவிட்டார்.

இன்று சீதை அவரிடம் போகிறாள். அவளுடைய பெர்மிட் இந்த மாதத்தோடு முடிகிறது. இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் அடுத்த மாதம்தான். விட்டால் விட்டதுதான்.

சீதைக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. அக்காள் இடத்துக்கு அனுப்பப்பட்டவளாக இல்லாமல், தன் புருஷனிடம் போகிறவளாகப் பினாங்கில் இறங்க வேண்டும். அந்த நாற்பது நாளில் ஒரு தடவை அவர் தூக்கத்தில் "விசாலம், தண்ணி" என்றார். சீதை எழுந்து தண்ணீர் கொடுத்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

*

"மூணு பேராக் கெளம்பக் கூடாது," என்று வாசலிலேயே நின்றுவிட்டாள் நாச்சம்மை. தண்டாயுதபாணியின் மனைவி, சீதைக்கு அண்ணமிண்டி.

"நான் ஒருத்தன் இருக்கேனேம்மா," என்றான் டிரைவர் பெரியதம்பி. "என்னைய ஆளாச் சேக்க மாட்டீங்களா?"

"சேத்தாச்சு. நாலு பேரு. ஏறுங்க."

நாச்சம்மை அப்படித்தான். சகுனம் பார்ப்பாள், ஆனால் பயப்பட மாட்டாள். காய்கறிக்காரியிடம் பேசுகிற மாதிரி அதனோடும் பேரம் பேசுவாள்.

ஹில்மன் கார் நேரே துறைமுகத்துக்குப் போகவில்லை. துறைமுகத்தைத் தாண்டி, காலிமுகத்திடலைத் தாண்டி, காலி வீதியில் தெற்கே வெள்ளவத்தைக்குப் போனது. கப்பல் தெற்கே காலியைச் சுற்றித்தான் கிழக்கே திரும்பும், ஆகவே தெற்கில்தான் பரஸ்தானம் வைக்க வேண்டும் என்று சோசியர் சொல்லியிருந்தார். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் பூபாலசிங்கத்தின் வீடு. ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் மூட்டை அங்கே போயாயிற்று. வெறும் துணியை வைத்தால் நம்பிக்கை வராது என்று தண்டாயுதபாணி பாஸ்போர்ட்டையும் அதற்குள்ளேயே வைத்துக் கட்டியிருந்தார்.

பூபாலசிங்கம் வாசலுக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் வெண்படலம். அவருடைய மனைவி போன வருஷம் தவறிவிட்டார். அந்த அம்மாள் இருந்தபோது அவர்தான் இந்த வீட்டில் இதையெல்லாம் வாங்கி வைப்பார். அப்போது பூபாலசிங்கம் வவுனியாவில் வேலையில் இருந்தார்; விசாலம் இறந்தது அவருக்குத் தெரியாது.

"வாங்கோ, இருங்கோ. மூட்டை அலுமாரியிலதான் கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்."

கொண்டுவந்து சீதையின் கையில் கொடுத்தார். மஞ்சள் துணி மூட்டை. முடிச்சு அப்படியே இருந்தது.

"மற்றதை உங்கட மூத்தவ காலமையே வந்து எடுத்துக்கொண்டு போட்டா," என்றார்.

நாச்சம்மை சிரித்தாள். "எந்த மூத்தவ ஐயா? வேற யாரோ வந்திருப்பாக."

"இல்லை பிள்ளை. நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தனான். ஆறு மணி இருக்கும். வாசல் படலையில நிண்டு, 'ஐயா, என் மூட்டைய எடுக்க வந்தேன்' எண்டு கூப்பிட்டா. உங்கட பேச்சுத்தான். உள்ளுக்கு வாங்கோ எண்டன். வரேல்லை. ரெண்டு மூட்டை கிடக்கு, எது உங்கட எண்டு கேட்டன். 'பழசு' எண்டா."

"ரெண்டு மூட்டையா?"

"ஓம். ஒண்டு மனுசியின்ர காலத்திலயிருந்து கிடக்குது. பேர் என்ன எண்டும் கேட்டனான். விசாலம் எண்டா."

கடலோரம் ரயில் ஒன்று போனது. சீதை அண்ணனைப் பார்த்தாள். தண்டாயுதபாணியின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. மாட்டிக்கொண்ட முகமாக இருந்தது.

*

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் சீதை கேட்டாள்.

"அண்ணே, ஆச்சியோட பரஸ்தானத்த நீங்க எடுக்கலையா?" அவர்கள் வீட்டில் அக்காளை ஆச்சி என்றுதான் சொல்வார்கள்.

"மறந்துட்டேன்."

"அண்ணே."

"மறக்கல ஆத்தா." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கொள்ளி வச்சது நானு. மறுநாள் வெள்ளவத்தைக்குப் போய், பயணமில்ல வான்னு சொல்லணும். நாலு வருஷமா அந்தக் கப்பலுக்குக் காத்துக் கெடந்தவ. எந்த வாயால சொல்லுவேன்? நாளைக்கு, நாளைக்குன்னு விட்டுட்டேன்."

"அந்த மூட்டைக்குள்ளயும் பாஸ்போர்ட் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப திருட்டுத்தான்," என்று நாச்சம்மை பட்டென்று சொன்னாள். "பாஸ்போர்ட்டுக்கு ஆசப்பட்டு எவளோ வந்திருக்கா. மனுஷனுக்குக் கண்ணு தெரியல. பேரச் சொன்னாளாம், பேரு. ஊருக்கே தெரியும் பேரு. பெரியதம்பி, ரோட்டப் பாத்து ஓட்டு."

பெரியதம்பி ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினான். காது மட்டும் பின்சீட்டில் இருந்தது.

நாச்சம்மை சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னபோது அவள் சீதையின் கையைப் பிடித்திருந்தாள். பிடி வலித்தது.

*

கப்பல் புறப்படும் நாளில் கோட்டை ஜெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். போகிறவர் நூறு பேர் என்றால் வழியனுப்ப ஆயிரம் பேர். எண் பொறித்த பித்தளை வில்லை குத்திய, சுமை தூக்கும் நாட்டாமிகள் டிரங்குப் பெட்டிகளோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பக்கம் மாலை, ஒரு பக்கம் அழுகை, நடுவில் நீலக்கல் விற்கிறவன். கப்பல் கரையில் நிற்காது. துறைமுகத்தின் நடுவில் நங்கூரமிட்டு நிற்கும். லாஞ்சிப் படகில்தான் போய் ஏற வேண்டும். அதற்கு முன்னால் ஏஜென்ட் மேசை, சுகாதார மேசை, சுங்க மேசை என்று மூன்று இடத்தில் நின்றாக வேண்டும். எது முதல், எது பிறகு என்று ஒரு பலகையிலும் எழுதியிருக்காது.

ஏஜென்ட் மேசையில் இராஜநாயகம் என்ற கிளார்க் இருந்தார். காதில் பென்சில், கையில் பயணிகள் பட்டியல். சீதையின் டிக்கட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கபின் இருபத்திமூண்டு. உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். உங்கட அக்கா முதலே வந்திட்டா."

நாச்சம்மை மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த அக்கா?" என்றாள் சீதை. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

இராஜநாயகம் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். திருமதி வெ. விசாலம். திருமதி வெ. சீதை. ஒன்றன்கீழ் ஒன்று. முதல் பெயருக்கு நேரே சிவப்புப் பென்சிலில் சரி போட்டிருந்தது.

"அது மூண்டு வருஷத்துக்கு முதல் போட்ட புக்கிங்," என்றார் அவர். "வேண்டாம் எண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. எங்கட கந்தோர்ப் பதிவில அப்பிடியே கிடந்தது. இந்த முறை அதே விலாசத்தில இன்னொரு பேர் வந்ததும், ரெண்டு பேரையும் ஒரே கபினில போட்டுவிட்டன். துணையா இருக்கும்தானே?"

"பாஸ்போர்ட் பாத்தீங்களா?" தண்டாயுதபாணி கேட்டார்.

"பாக்காம விடுவமா? அதே முகம். கொஞ்சம் மெலிஞ்சு போனா."

வரிசை பின்னாலிருந்து தள்ளியது. டிக்கட் உள்ளவர்களும் பார்வையாளர் பாஸ் உள்ளவர்களும் மட்டும்தான் கம்பித் தடுப்புக்கு அப்பால் போகலாம். பாஸ் ஒன்றுதான். அது தண்டாயுதபாணியின் பெயரில் இருந்தது. நாச்சம்மை தடுப்போடு நிற்க வேண்டும்.

காலையில் சகுனத்தோடு பேரம் பேசிய நாச்சம்மை அங்கே பேரத்தை விட்டுவிட்டாள்.

"வேணாம் சீதை. திரும்பிருவோம். பெர்மிட் போனாப் போவுது. மாப்பிள்ளை வேணும்னா இங்க வரட்டும். நீ போகாத."

சீதை மூட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பயந்திருந்தாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்று கிளம்பிக்கொண்டிருந்தது. அது கோபம் என்று அவளுக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"நான் திரும்புனாலும் கப்பல் போகும் அண்ணமிண்டி," என்றாள். "ஆச்சி போய் அங்ஙன எறங்கிருவாக. அப்பறம் எனக்கு அங்ஙனயும் எடமில்ல, இங்ஙனயும் எடமில்ல. நான் போறேன்."

தடுப்புக் கதவு திறந்தது. நாச்சம்மை கம்பி வழியாகக் கையை நீட்டி அவள் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

*

சுகாதார மேசையில் ஓர் இளம் டாக்டர். அம்மைத் தடுப்பூசி அட்டையைப் பார்த்து, நாடி பிடித்து, முத்திரை குத்தினார்.

"அக்காவை நல்லாக் கவனிச்சுக்கொள்ளுங்கோ," என்றார். "கையைப் பிடிச்சன், நெருப்பாக் கொதிக்குது. ஆனா தெர்மாமீட்டர் வச்சா ஒண்டும் ஏறேல்லை. கீழயே நிக்குது. மூண்டு தரம் வச்சுப் பாத்தன்."

தண்டாயுதபாணி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். கடைசி மூன்று நாளும் விசாலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்.

"அவுக எப்ப வந்தாக டொக்டர்?" சீதை கேட்டாள்.

"அரை மணித்தியாலம் இருக்கும்."

காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தை. இப்போது அரை மணி இடைவெளி. அக்காள் ஓடவில்லை, நடந்துதான் போகிறாள் என்று சீதைக்குத் தோன்றியது. காத்துக் காத்துப் போகிறாள். சின்ன வயசில் கோவிலுக்குப் போகும்போதும் அப்படித்தான். முன்னாலேயே போய்விடுவாள். முனையில் நின்று திரும்பிப் பார்ப்பாள். சீதை கிட்ட வந்ததும் மறுபடி நடந்துவிடுவாள்.

சுங்க மேசை நீளமான மரப்பலகை. சிங்கள அதிகாரி ஒருவர், வெள்ளைச் சீருடை, விரலெல்லாம் சுண்ணக்கட்டி. டிரங்கைத் திறக்கச் சொல்லாமலே அதன் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். மூட்டையைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"நங்கி, அக்கா கியா," என்றார். தங்கச்சி, அக்கா போய்விட்டாள். "இக்மன் கரண்ட." சீக்கிரம் போ.

அவர் மணிக்கட்டால் சுட்டிய இடத்தில், பலகையின் மேல், யாரோ மூட்டையை வைத்து எடுத்த தடம். நாலைந்து அரிசி சிதறிக் கிடந்தது. மஞ்சள் பூசிய அரிசி. சீதை ஒன்றை எடுத்துப் பார்த்தாள். வண்டு துளைத்து, உள்ளே மாவாகப் போயிருந்தது. விரலில் உதிர்ந்துவிட்டது.

"போயிருவோமா ஆத்தா?" அண்ணன் மெல்லக் கேட்டார். திரும்பிப் போவதைத்தான் சொன்னார்.

"போவோம்," என்றாள் சீதை. லாஞ்சிப் பக்கம் நடந்தாள்.

*

லாஞ்சி ஓட்டுகிறவர் இப்றாஹிம். நரைத்த தாடி, சாரத்துக்கு மேல் கம்பெனிச் சட்டை. இருபது வருஷமாக இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறார். கேட்காமலே பேசுவார்.

"போன ட்ரிப்ல ஒங்கட ஊட்டு நோனா ஒத்தர் வந்த. இதே மாதிரி மூட்டை கையில இரிந்த. தங்கச்சி அடுத்ததுல வாறண்டு சொன்ன. லாஞ்சி நெறைய ஆள். நிக்க எடமில்ல. அவங்களுக்குப் பக்கத்துல மட்டும் ஒத்தரும் இரிக்கல்ல. நானும் பாத்துக்கிட்டுத்தான் வந்த. ஏனெண்டு வெளங்கல்ல."

தண்டாயுதபாணி தலை குனிந்துகொண்டார். துறைமுகத்துத் தண்ணீர் எண்ணெய் மிதந்து பல நிறத்தில் மினுங்கியது. கப்பல் கிட்டக் கிட்ட வந்து, வானத்தை மறைத்தது. அவ்வளவு வெயிலிலும் அதன் நிழலுக்குள் நுழைந்ததும் குளிர்ந்தது.

மணி மூன்று. பார்வையாளர்கள் நாலு மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று ஏணியடியில் நின்ற மாலுமி சொன்னான்.

கப்பலுக்குள்ளே வழி கண்டுபிடிப்பது கரையில் கண்டுபிடிப்பதைவிட மோசம். எல்லா நடைபாதையும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே வெள்ளை. அறைகளைக் கவனிக்கும் நாகூர்க்கார ஸ்டுவர்ட் ஒருவர், வயசானவர், முன்னால் நடந்து வழிகாட்டினார்.

"கீழ்ப் படுக்கையை அக்கா எடுத்துக்கிட்டாங்க. உங்களுக்கு மேல் படுக்கை. கதவு திறந்துதான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு திறந்துதான் இருந்தது. அறையில் யாரும் இல்லை.

கீழ்ப் படுக்கையில், விரித்த வெள்ளை விரிப்பின் மேல், மஞ்சள் துணி மூட்டை இருந்தது. நிறம் மங்கி, மடிப்பில் கரையான் மண் ஒட்டியிருந்தது. முடிச்சு தண்டாயுதபாணி போடுகிற இரட்டை முடிச்சு. மூட்டைக்குப் பக்கத்தில் விரிப்பு குழிந்திருந்தது. ஒருவர் உட்கார்ந்தால் எவ்வளவு குழியுமோ அவ்வளவு. அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அது கொஞ்சம் நகர்ந்து, ஜன்னல் பக்கம் போனது.

இடம் விடுகிறாள். தங்கை உட்கார இடம் விடுகிறாள்.

சீதைக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வழியெல்லாம் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆச்சி யாரையும் பழிவாங்க வரவில்லை. யாரும் நிற்கச் சொல்லவில்லை, அதனால் போய்க்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். அவளுக்கு ஒருவரும் சொல்லவே இல்லை.

ஆனாலும் இடம் ஒன்றுதான் இருந்தது. பினாங்கு ஜெட்டியில் ஒரு மனுஷன்தான் வந்து நிற்பார்.

"அண்ணே," என்றாள். "நீங்கதான் அனுப்பி வச்சீக. நீங்கதான் கூப்புடணும்."

"என்னால முடியாது சீதை."

"மூணு வருஷமா உங்களால முடியாமத்தான் ஆச்சி இங்ஙன வந்து நிக்கிறாக. இன்னிக்கும் முடியலைன்னா எங்கிட்டுப் போவாக அண்ணே? அந்தக் கண்காணாத சீமையில யாரு அவுகளத் திரும்பக் கூப்புடப் போறா?"

தண்டாயுதபாணி பெரிய ஆள்தான். செட்டியார் தெருவில் அவர் குரல் கேட்டால் எதிர்க்கடைக்காரன் எழுந்து நிற்பான். அந்த ஆள் கப்பல் தரையில், இரண்டு படுக்கைக்கும் இடைப்பட்ட சின்ன இடத்தில், முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

"விசாலம்," என்றார். அந்தப் பெயர் அவர் வாயில் வந்து மூன்று வருஷம் ஆகிறது. "ஆத்தா விசாலம். பயணமில்லம்மா. கப்பல் நமக்கில்ல. நான் அன்னிக்கே வந்து சொல்லிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு. நீ வீட்டுக்கு வந்துரு."

அதற்கு மேல் முடியவில்லை. கொள்ளி வைத்தபோது அழாதவர், காரியத்தில் வந்தவர்களுக்கெல்லாம் நிமிர்ந்து நின்று பதில் சொன்னவர், இரும்புச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். சீதை அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. நடைபாதையில் மணி அடித்துக்கொண்டு ஒருவன் போனான். பார்வையாளர்கள் இறங்குங்கள், பார்வையாளர்கள் இறங்குங்கள்.

தண்டாயுதபாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். படுக்கையைப் பார்க்காமல் மூட்டையை எடுத்தார். தூக்கும்போது அவர் தோள் சற்றே சாய்ந்தது. உள்ளே ஒரு சேலையும் ஒரு படி அரிசியும் ஒரு பாஸ்போர்ட்டும்தான்.

"நீ எங்கூட வராத. இங்ஙனயே நில்லு," என்றார் சீதையிடம். "நான் திரும்பிப் பாக்கக் கூடாது. நீயும் கூப்புடக் கூடாது. நல்லா இரு ஆத்தா."

அண்ணன் தங்கை விடைபெறுகிற முறை அதுவல்லதான். ஆனால் அவரால் ஒரு நேரத்தில் ஒரு தங்கையோடுதான் போக முடிந்தது.

*

சீதை மேல்தளத்துக்கு வழி கேட்டுக் கேட்டு ஓடி, கம்பியோரம் போய் நின்றாள். கீழே, ஏணியடியில், கடைசி லாஞ்சி ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் படிப்படியாக இறங்குவது தெரிந்தது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்றார், பின்னால் வருகிறவருக்குக் காத்திருப்பவர் மாதிரி.

இப்றாஹிம் கையை நீட்டி அவரைப் பிடித்து லாஞ்சிக்குள் இறக்கினார்.

பிறகு மறுபடியும் கையை நீட்டினார். ஏணியின் கடைசிப் படியை நோக்கி, காத்திருந்தார். பிடித்தார். பெண்பிள்ளைகளை இறக்கும்போது செய்வதுபோல மறு கையை முழங்கைக்கு அடியில் கொடுத்து, பதனமாக இறக்கினார்.

லாஞ்சி கிளம்பியது. கூட்டமாகத்தான் இருந்தது. தண்டாயுதபாணிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவர் மூட்டையை அந்த இடத்தில் வைக்கவில்லை. மடியில் வைத்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

தூரத்தில் ஜெட்டியின் தடுப்போரம் புள்ளி புள்ளியாக ஜனம். அதில் எது நாச்சம்மை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சீதை பொதுவாகக் கையை ஆட்டினாள். போகிறவள் ஒருத்திதான், ஆனால் இரண்டு பேரை விட்டுப் பிரிகிற மாதிரி இருந்தது.

"அம்மா, கேபின் இருபத்திமூணு நீங்கதானே?"

நாகூர்க்கார ஸ்டுவர்ட். கையில் பழுப்பு உறை, காதில் பென்சில்.

"பினாங்குலேருந்து தந்தி. ஏஜென்ட் ஆபீஸ்லேருந்து இப்பத்தான் கொடுத்துட்டுப் போறாங்க." உறையைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கி வாசித்தார். "மிஸஸ் விசாலம் வெங்கடேஸ்வரன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்கம்மா."

பினாங்கிலிருந்து தந்தி அடிக்க ஒரே ஒருவர்தான் உண்டு. விசாலம் வருகிறாள் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கனவு கண்டாரா? இல்லை, கப்பலில் வருகிற பெண்டாட்டிக்கு இத்தனை நாளும் மனசுக்குள் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறாரா? உறையைப் பிரித்தால் தெரிந்துவிடும். வாங்கிக் கையெழுத்துப் போட்டால் போதும். யாருக்கும் வித்தியாசம் தெரியப் போவதில்லை. அவளும் இருபத்திமூன்றாம் அறைதான்.

சீதையின் கை பாதி நீண்டது. அப்படியே நின்றது.

"நான் சீதை," என்றாள். "அவுக எறங்கிட்டாக."

"எறங்கிட்டாங்களா?" ஸ்டுவர்ட் திகைத்தார். "அப்ப இதை அனுப்புனவருக்கே திருப்பணும். ஆள் எங்க எறங்குனாங்கன்னு மேல எழுதணும்மா. கேப்பாங்க."

கப்பல் முதல் சங்கை ஊதியது. காலுக்கடியில் தளம் அதிர்ந்தது. சீதை அது ஓயும் வரை காத்திருந்தாள்.

"வீட்டுலன்னு எழுதுங்க," என்றாள்.